திரையில் முஸ்லிம்கள் – 8: ஹவேலிக்கு ஒரு முகவரி

முந்தைய பகுதிகளில் 'முஸ்லிம் சோஷியல்' என்னும் படவகை, அதாவது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் காதலையும் திருமணத்தையும் மானத்தையும் கதைக்களமாகக் கொண்ட சமூகப் படங்களின் மரபு, எப்படித் தோன்றி வளர்ந்தது என்பது விவரிக்கப்பட்டது. 1943இல் மெஹபூப் கான் எடுத்த 'நஜ்மா' அதற்கு உருவம் கொடுத்தது. 1960இல் குரு தத் தயாரித்து எம். சாதிக் இயக்கிய 'சௌத்வீன் கா சாந்த்', முந்தைய ஆண்டின் தோல்வியால் நொடிந்திருந்த குரு தத்தின் நிறுவனத்தையே மீட்டெடுக்கும் அளவுக்கு வசூலித்தது. 1963இல் எச்.எஸ். ரவைலின் 'மேரே மெஹபூப்', அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பர்தா அணிந்த பெண் ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுத்த மாணவனின் கதையைச் சொல்லி நாடெங்கும் ஓடியது.

அந்தப் படங்களில் வட இந்திய முஸ்லிம் வாழ்வின் அழகுகள் குறைவின்றி இடம்பெற்றன. கவிஞர்கள் கூடிக் கவிதை சொல்லும் முஷாயிராவும், நடுவே முற்றம் வைத்த பெருமாளிகையான ஹவேலியும், பண்பட்ட உருது உரையாடலும் எல்லாச் சமயத்துப் பார்வையாளரையும் ஈர்த்தன.

ஆயினும் அந்த ஹவேலி எந்த ஆண்டில் நிற்கிறது, அதன் வரவு எங்கிருந்து வருகிறது, அதன் வாசலுக்கு வெளியே ஓடும் தெருவில் என்ன நடக்கிறது என்பவற்றை அவை சொன்னதில்லை. உத்தரப் பிரதேச அரசு 1950களின் தொடக்கத்தில் ஜமீன்தாரி முறையை ஒழித்து நவாபுகளின் வருவாய்க்கு முடிவு கட்டியிருந்த போதிலும், 'மேரே மெஹபூப்' தன் நவாபின் செல்வம் கரைவதை ஒரு தனிமனிதரின் விதியாகவே காட்டிவிட்டுக் கடந்தது.

பிரிவினையைப் பற்றி வணிகத் திரை காத்த மௌனம் இன்னும் ஆழமானது. 1961இல் யஷ் சோப்ரா 'தர்மபுத்ர்' படத்தில் அக்காலத்து மதவெறியை நேராகப் பேச முயன்றார். படத்துக்கு விருது கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. அந்தக் காயத்தைத் தொட்டால் கை சுடும் என்பதே திரையுலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

இந்த மௌனம் 1970களின் தொடக்கத்தில் ஓர் இடத்தில் உடைந்தது.

நெடுங்காலம் எடுக்கப்பட்ட படம்

1972 பிப்ரவரி 4 அன்று பம்பாயின் மராத்தா மந்திர் அரங்கில் கமல் அம்ரோஹியின் 'பாகீஸா' திரையிடப்பட்டது. 1950களின் நடுவில் தொடங்கிய அந்தப் படம், இயக்குநரும் அவர் மனைவியும் படத்தின் நாயகியுமான மீனா குமாரியும் 1964இல் பிரிந்ததால் நின்றுபோய், 1969இல் மீண்டும் தொடங்கி முடிக்கப்பட்டது. அதற்குள் அதன் ஒளிப்பதிவாளரான ஜெர்மானியர் யோசெப் விர்ஷிங் 1967இலும், இசையமைப்பாளர் குலாம் முகம்மது 1968இலும் இறந்துவிட்டனர்.

மஹ்ஜபீன் பானு என்ற இயற்பெயர் கொண்ட மீனா குமாரி, படம் வெளியாகி இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், 1972 மார்ச் 31 அன்று காலமானார். மந்தமாகத் தொடங்கியிருந்த படத்துக்கு அதன்பின் மக்கள் திரண்டனர்.

ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட தவாயிஃப் எனப்படும் கணிகையின் துயரத்தைப் 'பாகீஸா' பேரழகுடன் சொன்னது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது காட்டிய உலகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு முடிந்துபோன உலகம். அந்தப் படத்துக்காக வரிசையில் நின்ற இந்திய முஸ்லிம்களில் எவரும் அப்படி வாழவில்லை. வங்கியில் கடன் கேட்ட, வாடகைக்கு வீடு தேடிய, வேலைக்கு விண்ணப்பித்த முஸ்லிம் ஒருவர் வெகுஜன இந்தித் திரையில் நாயகனாக இன்னும் வரவில்லை.

அச்சேறாத ஒரு கதை

மைசூரில் பிறந்து, நாடக மேடை அமைப்பாளராகத் தொழில் பழகிய எம்.எஸ். சத்யு, உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, அந்த மௌனத்தை உடைத்த 'கரம் ஹவா' படத்தை எடுக்க முனைந்தார். திரைக்கதையை அவருடைய மனைவி ஷமா ஜைதியும் கவிஞர் கைஃபி ஆஸ்மியும் எழுதினர்; வசனம் கைஃபியுடையது.

சுக்தாயின் கதையில் நாயகர் ஒரு ரயில் நிலைய அதிகாரி. எல்லை கடந்து போகும் உறவினரை ஒவ்வொருவராக வழியனுப்பி வைப்பவர். கைஃபி அவரை ஆக்ராவின் காலணி உற்பத்தியாளராக மாற்றினார். இளமையில் கான்பூரின் காலணித் தொழிலாளர்களிடையே சங்கப் பணி செய்திருந்த கவிஞருக்குத் தோலின் வாடையும் கடன் கணக்கும் நன்கு தெரிந்தவை.

இந்த மாற்றமே படத்தின் முதல் திருப்புமுனை. சம்பளம் வாங்கும் அதிகாரிக்குப் பிரிவினை ஓர் உணர்ச்சித் துயரம். பட்டறை நடத்துபவருக்கோ அது அன்றாட வரவுசெலவையே உலுக்கும் நெருக்கடி. ஆக்ராவில் தைக்கும் வேலையைப் பெரும்பாலும் ஜாதவ் என்னும் தலித் சாதியினர் செய்ய, உற்பத்தியிலும் வணிகத்திலும் முஸ்லிம்களுக்கு வலுவான இடம் இருந்தது. 1947க்குப் பிறகு முஸ்லிம் வணிகர் பலர் வெளியேற, மேற்கிலிருந்து அகதிகளாக வந்த பஞ்சாபியரும் சிந்தியரும் அத்தொழிலில் நுழைந்தனர். சலீம் மிர்ஸா என்னும் நாயகர் நிற்பது அந்த இடைவெளியில்தான்.

படத்தில் அவர் கடன் கேட்டுப் போகும் இடங்களிலெல்லாம் தயக்கமே பதிலாகிறது. முஸ்லிம்கள் கடனை வாங்கிக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விடுகிறார்கள் என்பதால், போகாதவருக்கும் கடன் இல்லை என்றாகிறது. போனவரின் செயலுக்குப் போகாதவர் பொறுப்பேற்க நேரும் இந்தக் கொடுமையை, அதற்கு முன் எந்த இந்திப் படமும் பணக்கணக்கின் மொழியில் சொன்னதில்லை.

சட்டம் வீட்டுக்குள் நுழைகிறது

'கரம் ஹவா'வைப் புரிந்துகொள்ள, பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளின் இரண்டு ஏற்பாடுகளை அறிந்திருப்பது அவசியம்.

முதலாவது, வெளியேறியோர் சொத்துச் சட்டம். பாகிஸ்தானுக்குப் போய்விட்டவர் இந்தியாவில் விட்டுச்சென்ற வீடும் நிலமும் கடையும் கஸ்டோடியன் எனப்படும் அரசுப் பொறுப்பாளரின் கைக்குச் சென்று, அங்கிருந்து வந்த அகதிகளுக்கு ஒதுக்கப்பட்டன. பாகிஸ்தானும் தன் பக்கத்தில் இதையே செய்தது. 1949இன் அவசரச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, 'வெளியேற உத்தேசித்திருப்பவர்' என்ற வகையையும் உருவாக்கியது. ஒருவர் இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பாத நிலையிலேயே, கிளம்பக்கூடும் என்ற ஐயத்தின் பேரில் அவருடைய சொத்து சிக்கலுக்குள்ளாகலாம் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, எல்லையின் கதவு சிறிது சிறிதாக மூடப்பட்டமை. 1948 ஜூலையில் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியா வருவோருக்கு அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1952 அக்டோபரில் பாஸ்போர்ட் முறை வந்தது. சில மாதம் லாகூரிலோ கராச்சியிலோ உறவினரோடு தங்கிவிட்டு வரலாம் என்று போனவர்கள், சொந்த ஊருக்குத் திரும்ப முடியாத அயல்நாட்டவராக மாறினர்.

இவ்விரண்டையும் படம் ஒரே குடும்பத்தின் மீது இறக்குகிறது. சலீமின் அண்ணன் ஹலீம் முஸ்லிம் லீகின் உள்ளூர்த் தலைவர். இந்தியாவை விட்டுப் போகமாட்டேன் என்று மேடையில் முழங்கியவர், சத்தமின்றிக் குடும்பத்தோடு போய்விடுகிறார். தலைமுறைகளாக வாழ்ந்த ஹவேலி அவர் பெயரில் இருப்பதால், அது வெளியேறியவரின் சொத்தாகி, அஜ்மானி என்னும் சிந்தி அகதிக்கு ஒதுக்கப்படுகிறது.

ஹலீமின் மகன் காசிம், சலீமின் மகள் ஆமினாவை மணக்க எல்லை கடந்து திரும்பி வருகிறான். உரிய ஆவணம் இல்லாததால் காவலர்களிடம் சிக்கித் திருப்பி அனுப்பப்படுகிறான். பிறந்து வளர்ந்த ஊரில், திருமண ஏற்பாடுகளுக்கு நடுவே, மணமகன் கைதாகும் அந்தக் காட்சியில் வில்லன் என்று எவரையும் சுட்டமுடியாது. சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

சலீம் வாடகை வீடு தேடி அலையும்போது, வீட்டுக்காரர் எதையும் கேட்பதற்கு முன்பே தன் பெயரையும் தான் முஸ்லிம் என்பதையும் தாமாகவே சொல்லிவிட்டு, பிறகே வீட்டைக் காட்ட முடியுமா என்று கேட்கிறார். வீட்டைச் சுற்றிப் பார்த்த பின் மறுக்கப்படும் அவமானத்தை முன்கூட்டியே தவிர்த்துக்கொள்ளும் அந்த நிதானத்தில், பல நாள் அலைச்சல் சொல்லாமலே புரிகிறது. அந்த உரையாடல் இன்றைய பெருநகரங்களில் வாடகைக்கு வீடு தேடும் முஸ்லிம்களுக்குச் சற்றும் அந்நியமாகப் படாது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

பீப்பல் மண்டியில்

படத்துக்கு அரசின் திரைப்பட நிதிக் கழகம் இரண்டரை லட்சம் ரூபாய் கடன் கொடுத்தது. எஞ்சிய செலவுக்கு நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கியதே மூலதனம். ஒளிப்பதிவாளர் இஷான் ஆர்யாவுக்கு இது முதல் கதைப்படம். ஃபரூக் ஷேக்குக்கு முதல் வேடம். இடத்திலேயே ஒலிப்பதிவு செய்ய வசதி இல்லாததால், ஊமையாகப் படம்பிடித்துவிட்டுப் பம்பாயில் குரல் சேர்த்தனர்.

ஆக்ராவின் பீப்பல் மண்டிப் பகுதியில் இருந்த ஓர் இந்துக் குடும்பத்தின் பழைய வீடே திரையில் மிர்ஸாக்களின் ஹவேலியாயிற்று. கதையைப் பற்றி ஊருக்குள் வதந்தி பரவி எதிர்ப்பு கிளம்பியபோது, கூட்டத்தைத் திசைதிருப்ப ஃபிலிம் போடாத கேமராவுடன் ஒரு போலிக் குழு வேறிடத்துக்கு அனுப்பப்பட, உண்மையான குழு தன் வேலையைத் தொடர்ந்தது.

நடிகர்களில் பலர் 1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வழி வந்தவர்கள். சலீமாக நடித்த பல்ராஜ் ஸாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்தவர்; பிரிவினையில் தன் ஊரை இழந்தவர். சிந்தி அகதி அஜ்மானியாக வந்த ஏ.கே. ஹங்கல் 1949இல் கராச்சியை விட்டுப் பம்பாய்க்கு வந்தவர். சலீமின் மனைவியாக நடித்த ஷௌகத், குடும்பத்தார் பாகிஸ்தான் சென்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்ட கைஃபியின் மனைவி. ஊரை இழந்த ஓர் இந்து, ஊரைவிட்டுப் போக மறுக்கும் முஸ்லிமாக நடித்தார் என்பது படத்தின் நேர்மைக்கு வலுவூட்டியது. எவருடைய துயரம் பெரிது என்று படம் எங்கும் எடைபோடாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கிழவியும் மகளும்

மிர்ஸா குடும்பத்தின் முதிய தாயாக நடித்த பதர் பேகம் ஆக்ராவிலேயே கண்டெடுக்கப்பட்டவர். இளமையில் சினிமா ஆசையுடன் பம்பாய்க்குப் போய் வாய்ப்பின்றித் திரும்பியிருந்தவர். அவருக்குக் குரல் கொடுத்தவர் நடிகை தீனா பாடக்.

ஹவேலியைக் காலி செய்யும் நாளில், வண்டியில் சாமான்கள் ஏறிக்கொண்டிருக்கையில், கிழவியைக் காணவில்லை. வீடு முழுதும் தேடிய பின், விறகு அடுக்கும் இடத்தில் ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடிக்கிறார்கள். மணப்பெண்ணாக வந்து இறங்கிய வீட்டை விட்டு உயிரோடு வெளியேற மாட்டேன் என்று மறுப்பவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. நாட்டின் எல்லை எங்கே வரையப்பட்டது என்பதோ, பத்திரம் எந்த மகன் பெயரில் இருக்கிறது என்பதோ அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இறுதிப் படுக்கையில் அவருடைய ஒரே ஆசை அந்த வீடு. அஜ்மானி மனமிரங்கி இசைகிறார். பல்லக்கில் ஏற்றிக் கிழவியைக் கொண்டு வருகிறார்கள். ஒருகாலத்தில் மணக்கோலத்தில் வந்தது போலவே வந்து, தன் வீட்டுக்குள் அவர் உயிர் துறக்கிறார். 'முஸ்லிம் சோஷியல்' படங்களில் ஹவேலி ஓர் அலங்காரம்; இங்கே அது ஓர் உரிமை, பறிபோன உரிமை. வெகுஜனத் திரை முப்பது ஆண்டுகளாக வளர்த்துவந்த மாளிகையின் அழகியலை இந்த ஒரு காட்சி தலைகீழாக்கியது என்பதே இத்தொடரின் கணிப்பு.

மகளின் கதை இன்னும் கொடியது. காசிமை இழந்த ஆமினா, நெடுநாள் தயங்கி, ஷம்ஷாத் என்னும் மற்றோர் உறவினனின் அன்பை ஏற்கிறாள். ஃபதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்தியின் தர்காவில் அந்த அன்பு மலர்கிறது. அவனும் எல்லை கடந்து போகிறான். அவனுக்கு வேறிடத்தில் திருமணம் என்ற செய்தி மட்டும் வருகிறது. கல்யாணச் சேலையை அணிந்துகொண்டு ஆமினா தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

மகளின் உடலைக் காணும் தந்தையாக பல்ராஜ் ஸாஹ்னி கதறவில்லை. முகம் இறுகுகிறது, சொல் வரவில்லை. தன் சொந்த மகளை இழந்து நெடுநாள் ஆகியிராத ஒரு மனிதர் அந்தக் காட்சியில் நின்றார் என்பதை அறிந்தவர்களுக்கு, அதை நடிப்பு என்று மட்டும் சொல்லிவிட மனம் வருவதில்லை. படத்துக்கான குரல் பதிவை முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, அவர் காலமானார்.

சான்றிதழ்

முடிந்த படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் தரத் தயங்கியது. மதக் கலவரம் மூளும் என்பது அச்சம். அந்த அச்சத்தை முற்றிலும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. வங்கதேசப் போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை, பிரிவினையைக் கண்ட தலைமுறை நடமாடிக்கொண்டிருந்தது. ஆனால் திரையில் ஒரு முஸ்லிம் தவாயிஃபாகவோ நவாபாகவோ வரும்போது எழாத கலவரப் பயம், அவர் வாடகை வீடு தேடும்போது எழுந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

மாதங்கள் கடந்தன. சத்யு படத்தை அதிகாரிகளுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். பிரதமர் இந்திரா காந்தி வரை அது போயிற்று. அதன் பிறகே வழி திறந்தது. 1974இல் பெங்களூரில் முதலில் திரையிடப்பட்டு, அமைதியாகவும் வரவேற்போடும் ஓடியதைக் கண்ட பின், படம் மற்ற ஊர்களுக்குச் சென்றது.

கலவரம் எங்கும் மூளவில்லை. மாறாக, தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது கிடைத்தது. கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. கதைக்கும் திரைக்கதைக்கும் வசனத்துக்கும் ஃபிலிம்ஃபேர் விருதுகள் வந்தன. நாட்டைப் பிளக்கும் என்று நிறுத்தி வைக்கப்பட்ட படமே நாட்டை இணைத்ததற்காகப் பரிசு பெற்றது.

ஊர்வலம்

படத்தின் முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. தொழில், வீடு, தாய், மகள் எல்லாவற்றையும் இழந்து, உளவாளி என்ற பொய்க் குற்றச்சாட்டையும் சுமந்து மீண்ட சலீம், இறுதியில் பாகிஸ்தான் செல்லக் குதிரை வண்டியில் ரயில் நிலையத்துக்குப் புறப்படுகிறார். வழியில் வேலை கேட்டுச் செல்லும் ஊர்வலம் குறுக்கிடுகிறது. பட்டம் பெற்றும் வேலையின்றித் திரிந்த இளைய மகன் சிக்கந்தர் அதில் சேர்கிறான். பிறகு சலீமும் சாவியை மனைவியிடம் கொடுத்து வீட்டுக்குத் திரும்பச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் கலக்கிறார்.

இடதுசாரிக் கலைஞர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆறுதலைக் கதைமேல் ஏற்றிவிட்டனர், செங்கொடியால் மதக்காயம் ஆறிவிடாது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அதில் உண்மை உண்டு. எனினும் சலீமை அந்தக் கூட்டம் ஏற்றுக்கொள்வதற்கு முன் அவருடைய மதத்தைக் கேட்கவில்லை என்பதையும் கருத வேண்டும். அதுவரை அவர் தட்டிய ஒவ்வொரு கதவும் அதைத்தான் முதலில் கேட்டிருந்தது.

1973 மே

இத்தகைய ஒரு படத்துக்குப் பிறகு வெகுஜன இந்தித் திரை மாறியிருக்க வேண்டும். மாறியது, ஆனால் 'கரம் ஹவா' காட்டிய திசையில் அல்ல. கடனும் வாடகையும் வேலையும் தேடும் முஸ்லிம் நாயகர் மாற்றுப்படம் என்ற சிறு வட்டத்துக்குள் நின்றுவிட்டார். சயீத் மிர்ஸாவின் 'சலீம் லங்டே பே மத் ரோ' போன்ற படங்களில் அவரை மீண்டும் காண 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கான காரணங்களில் முதன்மையானது ஒரு கால ஒற்றுமை. 'கரம் ஹவா' சான்றிதழுக்காகக் காத்திருந்த 1973 மே மாதத்தில்தான் பிரகாஷ் மெஹ்ராவின் 'சஞ்சீர்' வெளியாகி, அமிதாப் பச்சனைக் கோபக்கார இளைஞனாக நிலைநிறுத்தி, வணிகப் படத்தின் இலக்கணத்தையே மாற்றியது. அந்தப் படத்தில் நாயகனுக்குச் சற்றும் குறையாத கைத்தட்டலைப் பெற்றவர் ஒரு முஸ்லிம் பாத்திரம்: சூதாட்ட விடுதி நடத்தி, நாயகனோடு மோதி, பின் அவனுக்காக உயிரையும் கொடுக்கத் துணியும் பட்டாணியர் ஷேர் கான். நடித்தவர் பிராண்.

சலீம் மிர்ஸா கேட்டது ஒரு வீடும் சிறிது கடனும். ஷேர் கான் எதையும் கேட்கவில்லை, கொடுத்துக்கொண்டே இருந்தார். நாடு ஷேர் கானைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஷேர் கானைப் படைத்தவர்கள் இந்தூரின் சலீம் கானும், உருதுக் கவிஞர் ஜான் நிஸார் அக்தரின் மகனும் பின்னாளில் கைஃபி ஆஸ்மியின் மருமகனாகப் போகிறவருமான ஜாவேத் அக்தரும். அடுத்த பத்தாண்டின் மிகப்பெரிய நாயகர்களை எழுதிய இரு பேனாக்களும் முஸ்லிம் குடும்பங்களிலிருந்து வந்தவை. அந்த நாயகர்கள் பலரும் விஜய் என்று பெயர் பெற, முஸ்லிமுக்கு மட்டும் நாயகனின் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது எதனால்? அதை ஒதுக்கியது எழுத்தாளரின் கையா, விநியோகஸ்தரின் கணக்கா, இல்லை அரங்கில் அமர்ந்திருந்தவர்களின் விருப்பமா?

(தொடரும்)